மூன்று படிப்பும் ஒரு வீட்டோடு மாப்பிள்ளையும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, ‘அட, சொந்தக் கதையைப் பேர் மாற்றி எழுதியிருக்கிறான்’ என்று உதட்டைப் பிதுக்குவதைவிட அது மேல். இது என் மனைவி அனுஷியாவின் கதை. நான் களவெடுக்கவில்லை. அவளே தந்தாள். தந்தாள் என்பதுகூடச் சரியில்லை, என் தலையில் கட்டிவிட்டாள்.

அனுஷியா திருகோணமலை நகரத்தில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். பின்னேரங்களில் நிலாவெளி ஹோட்டல்களில் வேலைசெய்கிறவர்களுக்குப் பேச்சு ஆங்கில வகுப்பு எடுக்கிறாள். வெளிநாடு போய்ப் படிப்பிக்க வேண்டும் என்பது அவளுடைய கனநாள் ஆசை. பட்டம் இருக்கிறது. ஆனால் பட்டத்துக்கு மேல் இன்னொரு படிப்பு இருந்தால்தான் அங்கே நல்ல இடங்களில் ஆளை உள்ளே எடுப்பார்கள். மூன்று படிப்புகளுக்கு விண்ணப்பித்தாள். மூன்றிலிருந்தும் ‘வாருங்கள்’ என்று பதில் வந்துவிட்டது. ஒன்று கிடைத்திருந்தால் கேக் வெட்டியிருப்போம். மூன்றும் கிடைத்ததால் வீட்டில் ஒருவருக்கும் ஒழுங்கான நித்திரை இல்லை. திங்கட்கிழமைக்குள் ஒன்றுக்கு ஓம் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை பின்னேரம் நான் வேலையால் வந்து தேத்தண்ணியோடு கதிரையில் இருந்தேன். அவள் மடிக்கணினியை மூடிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“நீங்கள் கதை எழுதுறனீங்கள்தானே. என்னை வச்சு ஒரு கதை எழுதுங்கோ. அதில வாறவள் எந்தப் படிப்பை எடுத்து நல்லா இருக்கிறாளோ, நானும் அதையே எடுக்கிறன்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

(அடைப்புக்குறிக்குள் ஒரு தகவல். நான் பகலில் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எப்போதாவது என் கதை ஒன்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும். அதை வாசிப்பவர்களில் பாதிப்பேர் எங்கள் வீட்டுக்காரர். இப்படிப்பட்ட ஒருவனிடம் ஒருத்தி தன் எதிர்காலத்தைக் கொடுக்கிறாள் என்றால், அவள் எந்த அளவுக்குக் குழம்பியிருக்க வேண்டும் என்று நீங்களே யோசியுங்கள்.)

2

முதல் தொடக்கம்:

‘உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பலைப் பார்த்தபடி மாலதி பெருமூச்சு விட்டாள். அவளுடைய மனமும் அந்தக் கப்பலைப் போலவே—’

வேண்டாம். திருகோணமலையில் இருந்து எழுதுகிற ஒவ்வொருவனும் முதல் வரியிலேயே கப்பலைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறான். எனக்குக் கப்பலைப் பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டுக்கு வந்தும் அதையே பார்க்க ஏலாது.

இரண்டாம் தொடக்கம்:

‘பஸ் நிலையத்தில் ஒரு மான் வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தபோது மாலதி ஒரு முடிவுக்கு வந்தாள்.’

இந்த வசனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுந்து முற்றத்தில் ஒருமுறை நடந்துவிட்டுக்கூட வந்தேன். வந்து பார்த்தால் அடுத்த வசனம் இல்லை. என்ன முடிவு? மான் பழத்தோலைத் தின்று முடித்துவிட்டு, எங்கள் ஊர்த் தெருவில் திரிகிற மான்களின் வழக்கப்படி அடுத்த கடைக்குப் போய்விட்டது, மாலதி அங்கேயே நிற்கிறாள்.

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த அனுஷியா, ஆர் இந்த மாலதி என்று கேட்டாள். கதாநாயகிக்கு வேறு பெயர் வைப்பதுதான் நாகரிகம் என்றேன். உங்கட மாலதி எங்கே போனால் எனக்கென்ன, என்ர பேரைப் போடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆகவே இனி அவள் பெயர் அனுஷியாதான். மாலதி, மன்னித்துக்கொள்ளம்மா, அந்த மானோடு போய்ச் சேர்.

3

இனிக் கொஞ்சம் கட்டுரை. பயப்படவேண்டாம், கெதியாக முடித்துவிடுவேன்.

ஒன்று, பட்டப்பின் கல்வி டிப்ளோமா. இது ஆளை வகுப்பறையில் நிற்கவைத்து, பின் வாங்கிலில் ஒருவர் இருந்து பார்த்து, பிழை பிடித்து, திரும்பவும் நிற்கவைக்கிற படிப்பு. வெளிநாட்டுப் பாடசாலைகள் இதைத்தான் கேட்கும். சின்னப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டத் தெரியுமா என்பதுதான் அவர்களுடைய கவலை. அனுஷியா இதை எடுத்தால் அனேகமாக ஓமானுக்குப் போவாள்.

அடுத்தது, ஆங்கிலத்தைப் பிறமொழிக்காரருக்குக் கற்பிப்பதில் முதுமாணிப் பட்டம். வேலைக்குப் போகிற வளர்ந்தவர்களுக்குப் படிப்பிக்க இது தோது. வியட்நாமில் ஒரு மொழி நிலையம் இதைப் படித்து முடிப்பவர்களை எடுக்கிறது.

மற்றது பிரயோக மொழியியலில் முதுமாணி. மனிதன் ஒரு மொழியை எப்படிப் பிடித்துக்கொள்கிறான், ஏன் சிலருக்கு அது வழுக்கிக்கொண்டே போகிறது என்று ஆராய்கிற படிப்பு. வாசிப்பு மலையளவு, வகுப்பறையில் நிற்பது குறைவு. பல்கலைக்கழகங்களுக்கு இது பிடிக்கும். அனுஷியா ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தைப் பார்த்து வைத்திருக்கிறாள்.

வீட்டில் எல்லோரும் இதில் எது பெரிய படிப்பு என்றுதான் கேட்டார்கள். ஸல்ஹா மட்டும் வேறு விதமாகச் சொன்னாள். ஸல்ஹா கிண்ணியாக்காரி, அனுஷியாவோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவள், டிப்ளோமா செய்துவிட்டு இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள். படிப்பின் பேரைப் பார்க்காதே, அது உன்னை ஆருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் என்று பார், ஐந்து வயதுப் பிள்ளைகளா, ஹோட்டல் வேலைக்காரரா, முதல் வாங்கிலிலேயே நித்திரை கொள்கிற பல்கலைக்கழகப் பெடியன்களா என்று குரல் செய்தி அனுப்பினாள். நல்ல புத்திதான். ஆனால் அனுஷியாவுக்கு மூன்று கூட்டத்தையும் பிடிக்கும். நித்திரை கொள்கிற பெடியனை எழுப்புவதுகூட அவளுக்கு ஒரு சந்தோஷம்.

(காசுக் கணக்கை இந்தக் கதைக்குள் விடமாட்டேன். விட்டால் அது கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு வேறு ஒருவரையும் கதைக்க விடாது.)

4

வரைவு. வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போகுமுன் எழுதியது.

‘அனுஷியா தன் புகுந்த வீட்டின் வாசலில் நின்று கண்ணீர் மல்கத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போய் வா மகளே” என்று தழுதழுத்த குரலில்—’

இதை வாசித்துவிட்டு அனுஷியா சிரித்த சிரிப்பில் குசினிக்குள் நின்ற அவளுடைய அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

“இந்த வீட்டுக்குள்ள புகுந்தது ஆர்? நானோ, நீங்களோ?” என்று அனுஷியா கேட்டாள்.

நான்தான். வாசகரே, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு சீதனம். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். தமிழ்ப் படங்களில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஒரு பகிடிப் பாத்திரம். இங்கே அவன் சும்மா மாப்பிள்ளை, எல்லா வீட்டிலும் ஒருவன் இருப்பான். நான் கந்தளாயில் இருந்து ஒரு சூட்கேசோடும் ஒரு மேசை விசிறியோடும் ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற இந்த வீட்டுக்கு வந்தேன். வீட்டு உறுதிப் பத்திரம் அனுஷியாவின் பெயரில். குசினி அவளுடைய அம்மா இரத்தினேஸ்வரியின் ஆட்சியில். முற்றத்துச் சாய்மனைக் கதிரை அவளுடைய அப்பா குலசிங்கத்துக்கு. விசிறி என்னுடையது.

இவ்வளவும் தெரிந்த ஒருவன் எப்படிப் ‘புகுந்த வீடு’ என்று எழுதுவான்? எழுதினேனே. சின்ன வயதிலிருந்து வாசித்த கதைகளிலெல்லாம் மருமகள்தான் வாசலில் நின்று அழுவாள், ஆகவே கை தன்பாட்டில் அவளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. வெட்கமாக இருந்தது. வசனத்தைத் திருத்தினேன்.

‘அனுஷியா தன் வீட்டின் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். உள்ளே அவளுடைய அம்மா, அவளுடைய அப்பா, அவளுடைய கணவன்.’

திருத்திய வசனத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே நிற்கிற அந்தக் கடைசி ஆள் நான். அவள் போய்விடுவாள். அவளுடைய வீட்டில், அவளுடைய தாய் தகப்பனோடு, அவள் இல்லாமல், நான் இருப்பேன். அதுவரைக்கும் இது எனக்கு உறைக்கவே இல்லை. அன்றைக்கு வேலைக்குப் பிந்திப் போனேன்.

5

இந்தக் கணவன் பாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டு வருகிறது. ‘போம், போம், நல்ல சந்தர்ப்பம்’ என்று இரண்டு வருடமாக ஒரே வசனத்தைச் சொல்கிறான். இவ்வளவு நல்லவனாக ஒரு மனிதன் இருப்பானா? கதையில் வந்தால் நீங்கள் நம்புவீர்களா? நான் நம்பமாட்டேன்.

எதிர்ப்புக்கு ஒரு ஆள் வேண்டும் என்று மாமியை, அதாவது அனுஷியாவின் அம்மாவை, வைத்திருந்தேன். ‘தாய் குறுக்கே நிற்கிறாள்’ என்று ஒரு முழுப்பக்கமும் தயாராக இருந்தது. மாமி ஒத்துழைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இராச்சாப்பாட்டில் கதை வந்தது. அனுஷியா என்னையும் கூட்டிக்கொண்டு போகிறாளோ என்று மாமி கேட்டார். எனக்கு வேலை இங்கே, இப்போதைக்கு இல்லை என்றேன். மாமி ஒரு பிட்டுத் துண்டை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

“தம்பி இஞ்ச நிக்கிறார்தானே. அப்ப நீ போ பிள்ளை. ஆள் இஞ்ச இருக்கேக்க நீ எங்க போனாலும் திரும்பி வருவாய்.”

மாமா தலையை ஆட்டினார். பெரிய பிரச்சினை ஒன்று இவ்வளவு லேசாகத் தீர்ந்துவிட்டதே என்று எனக்குப் பெருமை, பிணைக்கு நிற்கிற ஆள் நானல்லவா. இன்னும் இரண்டு பிட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

(இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. அனுஷியா அதன்பிறகு பாதிச் சாப்பாட்டோடு எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினாள். அன்றைக்கு நான் அதைக் கவனித்தேன், ஆனால் கதையில் சேர்க்கவில்லை. கதாநாயகிக்குச் சந்தோஷமான காட்சி அது என்று நினைத்திருந்தேன்.)

6

சனிக்கிழமை முழுக்க இருந்து மூன்று முடிவுகள் எழுதினேன். சுருக்கித் தருகிறேன், என் நடையழகை நீங்கள் இழக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

முடிவு அ. டிப்ளோமா எடுத்து ஓமானுக்குப் போகிறாள். பிள்ளைகள் அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஒருநாள் ஒரு சின்னப் பெண், ‘டீச்சர், உங்கட வீடு எங்கே’ என்று கேட்கிறது. அனுஷியாவின் கண் கலங்குகிறது. அடுத்த காட்சியில் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஒரு ஓட்டோ வருகிறது.

முடிவு ஆ. முதுமாணி முடித்து வியட்நாம். ஹோட்டல் வேலைக்காரர் அவளிடம் படித்துப் பெரிய ஆட்களாகிறார்கள். ஒரு மழைநாளில் அவளுக்கு அம்மா அவிக்கிற குரக்கன் பிட்டு ஞாபகம் வருகிறது. ஓட்டோ.

முடிவு இ. மொழியியல், ஜப்பான், பனி. பேராசிரியர் ஒருவர் அவளுடைய ஆய்வைப் பாராட்டித் தலை வணங்குகிறார். இவளும் வணங்குகிறாள். அவர் திரும்பவும் வணங்குகிறார். இது நல்ல பகிடியாக வந்திருந்தது. பிறகு பிட்டுக்குத் தேங்காய் கிடைக்கவில்லை. ஓட்டோ.

(ஓட்டோக்காரனுக்கு றிகாஸ் என்று பெயரும் வைத்திருந்தேன். மூன்று முடிவிலும் அவன்தான் வருகிறான், மூன்றிலும் பெட்டியை இறக்கித் தருகிறான். நல்ல பெடியன்.)

7

ஞாயிற்றுக்கிழமை காலை அனுஷியா மூன்றையும் வாசித்தாள். பேராசிரியர் வணங்குகிற இடத்தில் சிரித்தாள். நான் கதிரையின் நுனியில் இருந்தேன். வாசித்து முடித்துவிட்டுத் தாள்களை மேசையில் வைத்தாள்.

“மூண்டிலையும் நான் திரும்பி வாறன்.”

கதை என்றால் ஒரு முடிவு வேண்டும்தானே என்றேன். கொஞ்சம் எழுத்தாளர் தோரணையில்தான் சொன்னேன்.

“நான் இன்னும் போகவே இல்லையப்பா. அம்மா கூட்டி வாற கதை கதைக்கிறா, நீங்கள் கூட்டி வாற கதை எழுதுறீங்கள். ஒருத்தரும் என்னை அங்க ஒரு நாள் இருக்க விடுறீங்களில்லை. எதை எடுத்தாலும் முடிவு ஒண்டெண்டால், நான் என்னத்தைத் தெரிவுசெய்யிறது?”

மாதக்கணக்காக நானும் அவளும் பாடத்திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எந்தப் படிப்பில் எத்தனை பாடம், எதற்கு எந்த நாட்டில் மதிப்பு என்றெல்லாம் அலசினோம். அவளால் ஏன் ஒன்றைத் தெரிவுசெய்ய முடியவில்லை என்று நான் கேட்டதே இல்லை. எந்தப் படிப்பின் பின்னால் போனாலும் இந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவதற்கு நாங்கள் எல்லோரும் ஆயத்தமாக நின்றோம். நான் பேனையோடு நின்றேன்.

அப்போது ஒன்றைச் சொன்னேன். அழகாகச் சொல்லவில்லை, அதனால் எப்படிச் சொன்னேனோ அப்படியே போடுகிறேன்.

“எனக்குப் பயம் அனுஷியா. உமக்கு அங்க பிடிச்சுப்போயிடுமெண்டு பயம்.”

அவள் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“எனக்கும் அந்தப் பயம்தான்” என்றாள்.

எனக்கு அழுகை வந்தது, அதோடு சேர்ந்து ஒரு ஆறுதலும் வந்தது. இரண்டு வருடமாக ‘போம், போம்’ என்று சொன்ன அந்த நல்லவன் எழும்பிப் போய்விட்டான். அவனை நான் தேடப்போவதில்லை.

பிறகு அவள், இன்னொன்று எழுதித் தாருங்கோ, இந்த முறை என்னை அங்கேயே விட்டுவிட்டு எழுதுங்கோ என்றாள்.

8

‘ஹனோயின் காலைத் தெருக்களில் அனுஷியா—’

எனக்கு ஹனோய் தெரியாது.

‘மஸ்கட்டின் கடற்கரையோரமாக நடந்தபோது அவளுக்கு—’

வேண்டாம். கடற்கரையில் நடந்தால் உடனே திருகோணமலையை நினைப்பாள், நான் நினைக்கவைப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

‘வகுப்பறைக்குள் நுழைந்ததும் மாணவர்கள் எழுந்து—’

எழுந்து நிற்பார்களா? அந்த நாட்டில் எழுந்து நிற்கிற வழக்கம் உண்டா?

கடைசியில் எனக்குத் தெரிந்த இடத்தையே எழுதினேன். அவள் இல்லாத இந்த வீடு. இதோ முழுமையாக:

‘காலை. மாமா பத்திரிகை வாசிக்கிறார். மாமி மூன்று கோப்பைகளில் பிட்டு வைக்கிறார். மருமகன் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கிறது. மூன்று பேரும் ஒரே திரைக்குள் தலையை நுழைக்கிறார்கள். அனுஷியாவின் முகம் தெரிகிறது. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். மாமி அதைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்குகிறார். அப்போது திரைக்கு வெளியே ஆரோ ஏதோ சொல்ல, அனுஷியா அந்தப் பக்கம் திரும்பி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “வகுப்புத் தொடங்குது, வைக்கிறன்” என்கிறாள். போன் நின்றுவிடுகிறது. அவள் எதற்குச் சிரித்தாள் என்று மூன்று பேருக்கும் தெரியாது. மருமகன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறான்.’

இவ்வளவுதான். றிகாஸ் வரவில்லை. நான் எழுதியவற்றில் இதற்கு மட்டும்தான் திருத்தம் தேவைப்படவில்லை.

அனுஷியா வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

“நான் என்னத்துக்குச் சிரிச்சனான்?”

“தெரியாது. எனக்கு இஞ்ச இருந்து தெரியாதுதானே.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணத்துக்கு முதல் ஒருமுறை அப்படிப் பார்த்திருக்கிறாள். பிறகு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போனாள். கதையில் திரைக்கு வெளியே நின்ற அந்த ஆள் ஆரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. ஏனென்றால் இந்த முறை அவள் மூன்று படிப்பையும் திறந்து பார்க்கவில்லை. ஒன்றை மட்டும் திறந்தாள். திங்கட்கிழமைவரை காத்திருக்கவும் இல்லை.

9

அவள் எதற்கு ஓம் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். மாமிக்கும் மாமாவுக்கும் தெரியும். ஸல்ஹாவுக்குச் செய்தி போய், அவள் பதிலுக்குப் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும். உங்களுக்கு மட்டும் சொல்லமாட்டேன்.

கோபிக்காதீர்கள். நான் சொன்னால், ‘ஆஹா, அப்போ அதுதான் நல்ல படிப்பு’ என்று உங்கள் வீட்டில் ஒரு பிள்ளையை அதற்குள் தள்ளிவிடுவீர்கள். அதோடு, முடிவு எழுதுவதில் என் கைராசி எப்படி என்று நீங்களே பார்த்தீர்கள். ஆகவே அந்த வேலையை உங்களிடம் தருகிறேன். மூன்று படிப்பும் இருக்கிறது, பிடித்ததை எடுங்கள். ஓமானில் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்துங்கள், வியட்நாமில் வளர்ந்தவர்களுக்கு முன்னால் நிறுத்துங்கள், ஜப்பானில் நித்திரை கொள்கிறவர்களுக்கு முன்னால் நிறுத்துங்கள். வேண்டுமென்றால் நான் கேள்விப்படாத நான்காவது ஊர் ஒன்றுக்கு அனுப்புங்கள். தலைமயிரை வெட்டுவதும் வெட்டாததும் உங்கள் விருப்பம். அவள் எதற்குச் சிரித்தாள் என்பதையும் முடிந்தால் கண்டுபிடியுங்கள், எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கடைசி வரியில் அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். வருவதென்றால் அவளாக வரட்டும், வீடு அவளுடையதுதானே.